மஞ்சள் பால்

என் மாமனார் குடித்த பாலில் நான் முட்டை கலந்தேன். புலால் தொடுவதில்லை என்று தீட்சை வாங்கிய மனிதருக்கு, அவர் அறியாமல், மாதக்கணக்கில் கலந்து கொடுத்தேன்.

நீங்கள் முகம் சுளிக்கலாம். அல்லது, உயிரைக் காப்பாற்றத்தானே செய்தாய் என்று என்னைத் தேற்றலாம். அவசரப்படாதீர்கள்... நான் சொல்ல வந்த குற்றம் அதற்குப் பிறகுதான் வருகிறது. கலந்ததை மறைத்தேன். என் பொய்யை நம்பி ஒருத்தி வயிற்றைக் காயப்போட்டாள். அவள் செத்துப்போனாள்.

அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன். நான் வருவதற்கு முன்பே மாமியார் காலமாகிவிட்டார். அந்தத் துக்கத்தில்தான் மாமா தீட்சை பெற்றார் என்பார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டு அடுப்பில் மீனில்லை, கறியில்லை, முட்டையில்லை. திங்களும் வெள்ளியும் மாமாவுக்குப் பாலும் பழமும் மட்டும். மற்ற நாட்களில் ஒரு வேளைச் சோறு.

என் பிறந்த வீடு மல்லாங்கிணறு. அங்கே நாங்கள் முட்டை சாப்பிடுவோம். கல்யாணமானதும் விட்டுவிட்டேன். அது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. மாமா நல்ல மனிதர். மருமகளை ‘தாயி’ என்றுதான் கூப்பிடுவார். தறியில் உட்கார்ந்தால் பாட்டு, எழுந்தால் பூசை. அப்படிப்பட்டவருக்கு எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் இருமல் பிடித்தது. இருமி இருமித் துண்டை வாயில் பொத்தி எடுத்தால் இரத்தம்!

அரசாங்க ஆஸ்பத்திரியில் டி.பி. என்றார்கள். டாக்டர் நிதானமாகச் சொன்னார்: “தினம் ஊசி போடணும். மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது. உடம்புல சத்தே இல்ல பெரியவரே. பால், பருப்பு, முட்டை எல்லாம் சாப்பிடணும்.”

“முட்டை தொட மாட்டேங்க. விரதமும் இருக்கேன்,” என்றார் மாமா.

“சரி, வேண்டாம். பருப்பும் கீரையும் தயிருமா மூணு வேளை வயிறாரச் சாப்பிடுங்க. அந்த விரதத்தை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க.”

கவனித்தீர்களா? டாக்டர் அவருடைய நியமத்தோடு சண்டை போடவில்லை. அதற்குள்ளேயே வழி சொன்னார். மாமாதான் கேட்கவில்லை. “சாமிக்குக் குடுத்த வாக்கு அது. சாகுற வயசுல மாத்திக்கிற மாட்டேன்” என்றார். அப்போது அவருக்கு அறுபதுகூட ஆகவில்லை.

வெறும் வயிற்றில் மாத்திரை தங்கவில்லை. வாந்தி. தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டு நின்றது. என் கணவரிடம் அழுதேன். “அப்பா பேச்சை மீறி நான் என்ன செய்ய?” என்று தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார்.

அடுத்த சந்தில் எஸ்தர் அக்கா இருந்தார். அவர் வீட்டுக்காரர் நூல் மில்லில் வேலை பார்த்தார். அக்கா கோழி வளர்த்தார். ஒரு பகல் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் உடனே எடுத்துத் தரவில்லை.

“எங்கள்லயும் ஈஸ்டருக்கு முந்தி லெந்து நாள்ல கறி திங்க மாட்டோம் கமலா. ஆனா சீக்காளிக்கு விலக்கு உண்டு. ஒங்கள்ல இல்லையா?”

“இருக்கும்க்கா. அவுக ஒத்துக்க மாட்டாக.”

“அப்ப அவுகளுக்குத் தெரியாமயா? அது சரியா?”

“சரியா தப்பான்னு எனக்குத் தெரியலக்கா. ஆனா அவுக செத்துருவாக.”

எஸ்தர் அக்கா முந்தானைக்குள் மறைத்து இரண்டு முட்டை கொடுத்தார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று, என் இடுப்பிலிருந்த பிள்ளையின் தலையைத் தொட்டுச் சத்தியமும் செய்தார்.

பருப்பை எதற்குள்ளும் ஒளிக்க முடியாது. கீரையை ஒளிக்க முடியாது. விரத நாளில் அவர் வாய்க்குப் போவது பாலும் பழமும்தான். ஆகவே பாலுக்குள் எது ஒளியுமோ அதைத்தான் நான் தேடினேன். மஞ்சள் கருவை மட்டும் எடுத்து நன்றாக அடித்துச் சுடச்சுடப் பாலில் விட்டேன். மஞ்சள்தூள், மிளகு, சுக்கு, பனங்கற்கண்டு. நிறத்தை மஞ்சள் மறைத்தது. வாடையை மிளகும் சுக்கும் மறைத்தன. மூக்குப்பொடி போட்டுப் போட்டு மாமாவின் மூக்கும் என்றோ மரத்துப் போயிருந்தது.

முதல் நாள் டம்ளரை நீட்டினேன். குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு, “நல்லாருக்கு தாயி. நெஞ்சுக்கு எதமா இருக்கு” என்றார்.

நான் அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதேன்! பயத்திலா, ஆறுதலிலா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பால் இறங்கியது. பாலோடு மாத்திரையும் தங்கியது. மாதங்கள் போகப்போக இருமல் தணிந்தது. கன்னத்தில் சதை பிடித்தது. கடைசியில் சளியில் கிருமி இல்லை என்றார்கள். ஊசியும் மாத்திரையும்தான் நோயைக் கொன்றிருக்கும். அவற்றைத் தாங்கும் தெம்பை முட்டை கொடுத்திருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நான் யார்? ஆனால் மாமா வேறு விதமாகப் பிரித்தார்.

“ஊசி ஆயிரம் பேரு போட்டுக்கிறான். எல்லாரும் பொழைக்கிறானா? நான் நியமத்தை விடல. விரதத்தை விடல. சாமி என்னை விடல!”

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொன்னார். கூட்டம் பெருகியது. சுற்றியிருந்த ஊர்களிலிருந்தும் வந்தார்கள். முடிக்கும்போது தவறாமல் என்னைக் காட்டி, “இந்தத் தாயி கையால குடிச்ச மஞ்சப் பாலு. அதுதான் எனக்கு மருந்து” என்பார். பெண்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதத்தான் கை கூசுகிறது... வீடு வாசல் பெருக்குகிறவளாக, தறிக்கு நூல் தார் சுற்றுகிறவளாக மட்டுமே இருந்தவளை ஒரு தெருவே மதித்தது. பக்குவம் கேட்டு வந்தார்கள். சொன்னேன். மஞ்சள் இவ்வளவு, மிளகு இவ்வளவு, சுக்கு தட்டிப் போடணும், பனங்கற்கண்டு கடைசியில்... எல்லாம் சொன்னேன். ஒன்றைத் தவிர.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் தனம்.

எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தாள். என்னைவிட இளையவள். என்னை ‘அக்கா’ என்பாள். மத்தியானங்களில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து என்னோடு தார் சுற்றுவாள். அவள் வீட்டில் கறி, முட்டை எல்லாம் உண்டு. கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் பிள்ளையில்லை. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வர ஆரம்பித்தாள். வந்த சில மாதங்களில் உண்டானாள்.

அந்த மகிழ்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஓடிவந்து மாமா காலில் விழுந்தாள். “பெரியவுக மாதிரியே நானும் சுத்தமா இருக்கப்போறேன். பிள்ள பெறக்குற வரைக்கும் கவுச்சி தொட மாட்டேன். ஒரு பொழுதுதான் சாப்பாடு. இது என் நேத்திக்கடன்” என்றாள். மாமா கண் கலங்கி விபூதி பூசிவிட்டார். ‘உண்டான பிள்ளைக்கு ஒரு பொழுது போதாதே’ என்று அவரும் சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை.

ஊருக்குள் வரும் நர்சம்மா ஒருவர் இருந்தார். தனத்தின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தவர் திட்டினார்.

“வெள்ளையா வெளுத்துப் போய்க் கெடக்கு. ஒடம்புல ரத்தமே இல்ல. முட்டை திங்கலன்னா போகுது, விடு. கொல்லையில முருங்கை நிக்கிது. கேப்பை இருக்கு, எள்ளு இருக்கு, பயறு இருக்கு. அதுல இல்லாத சத்தா? ஆனா மூணு வேளை திங்கணும். இந்த மாத்திரைய விடாமப் போடணும். விரதம் கிரதம்னு கெடந்த, பிரசவத்துல தாங்க மாட்ட.”

இரும்புச்சத்து மாத்திரை அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. நிறுத்திவிட்டாள். பதிலுக்கு மஞ்சள் பால் குடித்தாள். நான் சொன்ன பக்குவம்! ஒரு பிசகும் இல்லாமல் நான் சொன்னபடியே.

ஒரு மத்தியானம். இருவரும் தார் சுற்றிக்கொண்டிருந்தோம். அவள் கை அடிக்கடி நின்றது. மூச்சு வாங்கியது. வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கிய மாதம். சட்டென்று கேட்டாள்.

“அக்கா, எங்க வீட்டுல சண்டை பிடிக்கிறாக. முட்டையாச்சும் தின்னுன்னு அவுக அழுகுறாக. நர்சம்மாவும் பயமுறுத்துறாக. நீங்க சொல்லுங்க. பெரியவுக ஒரு முட்டைகூடத் தொடாமத்தான பொழச்சாக? வெறும் இந்தப் பாலக் குடிச்சே தேறுனாகல்ல?”

உள்ளே மாமாவின் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஓசை நின்றது. நூல் அறுந்ததோ, கேட்டுக்கொண்டிருந்தாரோ...

என் முன்னே இரண்டு வழி இருந்தது. ‘வா, கொல்லைப் பக்கம் போவோம்’ என்று அவளைக் கூட்டிப்போய்க் காதோடு சொல்லியிருக்கலாம். அவள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். அவ்வளவு நல்ல பெண். ஆனால் எனக்குத் தோன்றியதெல்லாம் என் மானம்தான். மாமாவின் தீட்சையைக் கெடுத்தவள். கணவர் வீட்டை விட்டுத் துரத்துவார். மல்லாங்கிணற்றில் என் அப்பா வாசலில் பெட்டியோடு நிற்பேன். வெள்ளிக்கிழமை அந்தப் பெண்கள் என்னைப் பார்த்துக் காறித் துப்புவார்கள்...

“ஆமா,” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. “அது போதும்க்கா” என்று மறுபடி ராட்டையைச் சுற்றினாள். உள்ளே தறியும் ஓடத் தொடங்கியது.

தனம் அந்தப் பாலை நம்பி விரதம் இருப்பது எஸ்தர் அக்காவுக்குத் தெரிந்தபோது என்னை வழியில் மறித்தார். அவருக்கு அப்படியொரு கோபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

“அந்தப் பிள்ள ஒடம்பப் பாத்தியா? நடக்கும்போது சுவத்தப் பிடிச்சுக்கிட்டுப் போகுது. நீ சொல்றியா, நான் சொல்லட்டா?”

“அக்கா, ஒங்க கால்ல விழுறேன். எம் பிள்ள மேல சத்தியம் பண்ணிக் குடுத்தீகல்ல, யாருக்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு?”

“அது ஒரு உசுரக் காப்பாத்தப் பண்ணுன சத்தியம்டி. இது...”

“பிரசவம் முடியட்டும்க்கா. அப்புறம் நானே சொல்லிர்றேன்.”

எஸ்தர் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு போய்விட்டார். தானாகவே தனத்தின் வீட்டுக்குச் சில தடவை முட்டை கொண்டுபோனாராம். தனம் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

பிரசவ வலி காலையில் எடுத்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் குழந்தை. குழந்தை அழுத சத்தத்தை வெளியே நின்று நானும் கேட்டேன். அடுத்த சிறிது நேரத்தில் உள்ளே ஓட்டமும் நடையுமாயிற்று. இரத்தப்போக்கு. மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வாடகைக் காரில் ஏற்றினார்கள். அவள் தலை என் மடியில். காரியாபட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் வெயிலில் கருவேலங்காடு... அவள் உதடு துணி வெளுத்த மாதிரி இருந்தது. ஏதோ சொல்ல வந்தாள். குனிந்தேன்.

“பிள்ளைக்கு ஒண்ணும் இல்லல்ல? நான் நேத்திக்கடனை முடிச்சுட்டேன்ல அக்கா?”

“முடிச்சுட்ட தனம். முடிச்சுட்ட,” என்றேன்.

மதுரை வரவில்லை. அதற்குள் முடிந்துவிட்டது.

பிறகொரு நாள் நர்சம்மா சொன்னார். “சத்துள்ள ஒடம்பா இருந்தா தாங்கியிருக்கும். இவ ஒடம்புல இழக்குறதுக்கே ரத்தம் இல்ல. ஒரு பொழுது சாப்பாட்டுல ரெண்டு உசுரு எப்படி ஓடும்?” குற்றம் சொல்லிச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

என்னை நானே எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறேன் தெரியுமா? நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் முட்டை தின்றிருப்பாளா? ஒருவேளை தின்றிருக்க மாட்டாள். ஆனால் பாலை மட்டும் நம்பியிருக்க மாட்டாள். மாத்திரையை மறுபடி எடுத்திருப்பாள். கீரையும் கேப்பையும் மூன்று வேளை தின்றிருப்பாள். அந்தச் சாப்பாட்டில் அவள் நேர்ந்துகொண்ட எந்தச் சுத்தமும் கெட்டிருக்காதே! அவள் நியமம் அவளைக் கொல்லவில்லை. அந்த நியமத்துக்குள் நான் வைத்த பொய்தான்...

பதினாறாம் நாள் கழிந்து மாமா என்னைக் கூப்பிட்டார். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். தறியில் பாவு நூல் நெய்யாமல் அப்படியே நின்றது.

“தாயி, எனக்கு ஒண்ணு வெளங்கல. நான் இருந்த மாதிரிதான அந்தப் பிள்ளையும் இருந்துச்சு? நான் குடிச்ச பாலுதான அதுவும் குடிச்சுச்சு? நான் எந்திரிச்சுட்டேன். அது போயிருச்சு. எனக்கு மட்டும் ஏன் பலிச்சுச்சு?”

இதைவிடத் தெளிவாக ஒருவரிடம் யாரும் உண்மையைக் கேட்க முடியுமா? ஒரு கேள்வி கேட்டார். விடை தெரிந்தவள் நான், அவர் முன்னேயே நின்றேன்.

“எனக்கென்ன தெரியும் மாமா... அவ விதி,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை, ஏற்றுக்கொண்டார். அடுத்த வெள்ளி பூசைக்குக் கூட்டம் வந்தது. மாமா வெளியே வரவில்லை. அதன்பின் தன் நோய் தீர்ந்த கதையை அவர் யாருக்கும் சொன்னதே இல்லை. கர்ப்பிணிப் பெண்கள் விபூதிக்கு வந்தால், “மூணு வேளையும் சாப்பிடு ஆத்தா. ஒனக்கெல்லாம் விரதம் கெடையாது. சாமி கோவிச்சுக்கிட்டா எம்மேல கோவிச்சுக்கட்டும்” என்பார். உண்மை தெரியாமலே அவர் திருந்தினார். தெரிந்த நான் அவருக்கு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அறுபதைத் தாண்டி, மாமா போனார். துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள்: “கடைசி வரைக்கும் நியமம் தவறாத நாக்கு.” என் கணவர் என் கையைப் பிடித்து, “ஒன்னாலதான் கமலா” என்று அழுதார். அவருக்கு இன்றும் தெரியாது. எஸ்தர் அக்கா திருச்சுழிப் பக்கம் குடிபோய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

தனத்தின் மகள் மீனா எங்கள் தெருவில்தான் வளர்ந்தாள். அப்பாவும் அத்தையும் வளர்த்தார்கள். என்னைப் ‘பெரியம்மா’ என்பாள். பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அம்மாவின் அதே வெளுத்த கண்ணிமை. ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள்.

“பள்ளிக்கூடத்துல சத்துணவுல முட்டை போடுறாக பெரியம்மா. நான் வாங்க மாட்டேன்.”

“ஏம்மா?”

“எங்கம்மா தொடலையாம்ல. எனக்காக விரதம் இருந்தாகளாம். நானும் இருக்கேன்.”

இன்னொரு ‘ஆமா’ என் நாக்கில் வராது என்று தெரிந்தது. அவளை அருகில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை, பால், மாமா, நான். சொல்லி முடித்து, “நீ சாப்பிடு கண்ணு. ஒங்கம்மா அதைத்தான் விரும்புவா” என்றேன். எவ்வளவு துணிச்சல் எனக்கு! தனம் எதை விரும்புவாள் என்று சொல்ல எனக்கென்ன பாத்தியதை?

மீனா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எங்கம்மா ஒங்ககிட்ட கேட்டாகளா பெரியம்மா?”

“கேட்டா.”

“நீங்க சொல்லலையா?”

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் சுவரோரமாக ஒதுங்கிப் போவாள்.

மாதங்கள் கழித்துத் தண்ணீர்க் குழாயடியில் அவள் அத்தையைப் பார்த்தேன். மெல்லக் கேட்டேன்.

“மீனா இப்ப முட்டை திங்குறாளா?”

“திங்குறா மதினி. பள்ளிக்கூடத்துல குடுக்குறதையும் வாங்குறா, வீட்டுல அவிச்சுக் குடுத்தாலும் திங்குறா. ஒடம்பும் தேறிருக்கு,” என்றவள் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்தாள். “ஆனா என்னமோ, திங்கும்போதெல்லாம் கண்ணுல தண்ணி விடுறா. ஏன்டின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா. ஒங்ககிட்டதான நல்லாப் பேசுவா? ஒங்களுக்கு எதாச்சும் தெரியுமா?”

என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

“தெரியலயே,” என்றேன்.